ஷிமாசு குலம்: ஒரே மண்ணில் எழுநூறு ஆண்டுகள்

கேள்வி இது: “சத்சுமாவை ஆண்ட ஷிமாசு என்ற சாமுராய் குலத்தார் ஜப்பானின் முதல் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) மினமோட்டோ யோரிடோமோவின் வாரிசுகள் என்கிறார்களே, உண்மையா? மற்ற குலங்களெல்லாம் அழிந்துபோக இவர்கள் மட்டும் எப்படி எழுநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள்?”

முதல் பாதிக்குப் பதில் எளிது: உண்மையாக இருக்க வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாம் பாதியில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். “இவர்கள் மட்டும்” என்பது சரியல்ல. சத்சுமாவுக்கு (கியூஷூ தீவின் தென்கோடி) பக்கத்து ஹிதோயோஷியில் இருந்த சகாரா குலமும், வடகிழக்கே சோமா குலமும் இதே அளவு காலம் தங்கள் மண்ணில் நீடித்தன. ஆனால் அவை சிறிய குலங்கள். இவ்வளவு பெரிய நிலப்பரப்பை 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையில் வாங்கி, 1871 வரை விடாமல் வைத்திருந்தவர்கள் என்று பார்த்தால் ஷிமாசுகளுக்கு இணையாக யாரையும் காட்ட முடியாது.

பிறப்புக் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நல்ல கதை. டாங்கோ நோ சுபோனே என்ற பெண் யோரிடோமோவால் கருவுற்றாள். யோரிடோமோவின் மனைவி ஹோஜோ மசாகோ பொறுத்துக்கொள்ளும் ரகம் அல்ல. அவளுக்கு அஞ்சி, யோரிடோமோவின் தலைநகரான காமகுராவை விட்டு மேற்கே ஓடிய டாங்கோ, இன்றைய ஒசாகாவில் உள்ள சுமியோஷி கோயிலை அடைந்தபோது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. தங்க இடமில்லை. நரிகள் நெருப்பேந்தி வந்து வெளிச்சம் காட்ட, அங்கிருந்த ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு ஆண் குழந்தையைப் பெற்றாள். அந்தக் குழந்தைதான் குலமுதல்வன் தாதாஹிசா. பாறையைச் சுமியோஷியில் இன்றும் வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். இதனால் ஷிமாசுகளுக்கு மழை நல்ல சகுனம். “ஷிமாசு மழை” என்றே ஒரு வழக்கு உண்டு.

இந்தக் கதையைக் கவிழ்ப்பது ஒரு நாட்குறிப்பு. தாதாஹிசா 1179-இல் பிறந்தார் என்பது குலத்தின் மரபுக் கணக்கு. ஆனால் அதே 1179-இன் தொடக்கத்தில், தலைநகர் கியோட்டோவின் அரசவைப் பிரபு நகயாமா தாதாச்சிகா எழுதிய நாட்குறிப்பில், கசுகா கோயில் திருவிழா ஊர்வலத்தில் சென்ற காவல் அதிகாரிகளுள் தாதாஹிசா என்ற பெயர் வருகிறது. பிறக்கவேண்டிய ஆண்டில் பதவியேற்று ஊர்வலம் போகும் வயதில் இருந்திருக்கிறார்! அவருடைய உண்மையான குடும்பப் பெயர் கொரேமுனே. அரசவையில் சட்டமும் எழுத்தும் அறிந்த நடுத்தர அதிகாரிகளின் குடும்பம் அது. பழங்காலத்தில் கண்டத்திலிருந்து ஜப்பானுக்குக் குடியேறிய ஹாதா மக்களின் வழி வந்தது. தாதாஹிசா, அரசப் பிரதிநிதிகளான கொனோயே வீட்டாரிடம் ஊழியம் பார்த்தார்.

அந்தக் கொனோயே தொடர்பில்தான் எல்லாமே இருக்கிறது. கியூஷூ தீவின் தெற்கே, இன்றைய மியாகோனோஜோ நகரைச் சுற்றி, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்ரா நோ சுவேமோட்டோ என்ற அதிகாரி தரிசு நிலத்தைத் திருத்தி, அதை அரசப் பிரதிநிதி ஃபுஜிவாரா நோ யோரிமிச்சிக்குக் காணிக்கையாக்கினார். பெரிய இடத்தின் பெயரில் நிலம் இருந்தால் வரிக்காரன் வரமாட்டான் என்பதுதான் அந்தக் காணிக்கையின் பொருள். ஷிமாசு என்று பெயர் பெற்ற அந்தப் பண்ணை ஹியூகா, ஓசுமி, சத்சுமா என மூன்று மாகாணங்களிலும் பரவி, எட்டாயிரம் சோவுக்கு மேல் விரிந்து, நாட்டின் மிகப் பெரிய பண்ணையாயிற்று. (ஒரு சோ ஒரு ஹெக்டேரை ஒட்டி வரும்.) பிறகு அது யோரிமிச்சியின் வழிவந்த கொனோயே வீட்டுக்குச் சேர்ந்தது. 1185-இல் தாய்ரா குலத்தை வீழ்த்திய யோரிடோமோ, தாதாஹிசாவை அந்தப் பண்ணையின் அதிகாரியாக நியமித்தார். உரிமையாளரான கொனோயேக்கும் வேண்டியவர், புதிய போர்த்தலைவருக்கும் வேண்டியவர்: அந்த நேரத்தில் அப்படி ஓர் ஆள் கிடைப்பது அரிது. தாதாஹிசாவின் தாய் ஹிகி குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், அந்தக் குடும்பத்திலிருந்துதான் யோரிடோமோவின் செவிலித்தாயும் வந்தார் என்றும் கொள்கிறார்கள். மகன் என்ற உறவு இல்லாமலே நியமனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

1197-இல் ஓசுமி, சத்சுமா மாகாணங்களின் காவல் ஆளுநர் பதவியும், பிறகு ஹியூகாவினதும் வந்தது. பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். பிறகு 1203-இல் முதல் அடி விழுந்தது. ஹிகி யோஷிகாசு காமகுரா அரசியலில் தோற்றுக் கொல்லப்பட்டபோது, உறவினர் என்ற குற்றத்துக்காக தாதாஹிசாவின் பதவிகள் பறிக்கப்பட்டன. பின்னர் சத்சுமா மட்டும் திரும்பக் கிடைத்தது. மற்ற இரண்டு மாகாணங்கள் போனது ஷிமாசுகளுக்கு ஆறாத புண். அடுத்த நானூறு ஆண்டுகள் அவர்கள் செய்த போர்களில் பாதிக்கு “எங்கள் மூன்று மாகாணங்கள்” என்ற பிடிவாதம்தான் காரணம்.

யோரிடோமோ கதை எப்போது நுழைந்தது என்று கேட்டால், பல தலைமுறைகள் இவர்கள் தங்களை ஃபுஜிவாரா வழியினர் என்றே எழுதிவந்தார்கள். மினமோட்டோ என்று எழுதும் வழக்கம் பிறகே நிலைத்தது. இதில் ஷிமாசுகளை மட்டும் கேலி செய்யத் தேவையில்லை. பின்னாளில் ஷோகனான டோகுகவா இயேயாசுவும் முதலில் ஃபுஜிவாரா என்று சொல்லிக்கொண்டு, வசதிப்பட்டபோது மினமோட்டோ ஆனவர்தான். வம்சாவளி அந்தக் காலத்தில் ஓர் அரசியல் ஆவணம்; ஆவணம் எழுதியவர்கள் அதற்கு உரிய மரியாதையோடு கற்பனை செய்தார்கள். 25-ஆம் தலைவர் ஷிகேஹிதே 1779-இல் காமகுராவில் யோரிடோமோவின் கல்லறையைத் தம் செலவில் புதுப்பித்தார். அருகிலேயே தாதாஹிசாவுக்கும் ஒரு கல்லறை எழுப்பினார். தந்தைக்கும் மகனுக்கும் கல்லில் உறவு உறுதியாகிவிட்டது.

முதல் இரண்டு தலைவர்களும் பெரும்பாலும் காமகுராவில்தான் இருந்தார்கள்; சத்சுமாவை ஆட்கள் பார்த்துக்கொண்டனர். மங்கோலியர் படையெடுப்புதான் குடும்பத்தைத் தெற்கே இழுத்தது. கடற்கரையைக் காக்கும்படி வந்த ஆணையை ஏற்று மூன்றாம் தலைவர் ஹிசாத்சுனே கியூஷூவுக்கு வந்தார். அவர் 1284-இல் ஹகாட்டாவை ஒட்டிய ஹகோசாக்கியில் காவற்பணியிலேயே இறந்தார். அதன்பின் வேர் இங்கேதான். வட்டத்துக்குள் சிலுவை போன்ற அவர்களுடைய சின்னத்தைப் பார்த்துச் சிலர் கிறித்தவத் தொடர்பு தேடுகிறார்கள். அது வீண். அந்தக் குறி, ஐரோப்பியர் வருவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே மங்கோலியப் போரைச் சித்திரிக்கும் சுருளோவியத்தில் ஷிமாசு கொடியில் இருக்கிறது. வட்டம் பிற்காலச் சேர்க்கை.

14, 15-ஆம் நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். ஐந்தாம் தலைவர் சாதாஹிசா இரண்டு மகன்களுக்குப் பங்கு பிரிக்க, குடும்பம் சத்சுமா கிளை, ஓசுமி கிளை என்று உடைந்தது, கிளைகள் கிளைத்தன, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பெயர்களைப் பின்தொடர்வதும் பெரும்பாடு. முதல்வன் நினைவாகப் பாதிப்பேர் பெயரில் “ஹிசா” ஒட்டிக்கொண்டிருக்கும்.

குழப்பத்தைத் தீர்த்தது மூலக்கிளை அல்ல என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இசாக்கு என்ற சிறு கிளையைச் சேர்ந்த தாதாயோஷி தம் மகன் தாகாஹிசாவை மூலவீட்டுக்குத் தத்துக் கொடுத்து, பிறகு வாளாலும் பேச்சாலும் அந்தத் தத்தைச் செல்லுபடியாக்கினார். இந்தத் தாதாயோஷி சாமுராய்ச் சிறுவர்களுக்காக ஜப்பானிய அகரவரிசையில் 47 நீதிப்பாடல்கள் எழுதினார். நம் ஆத்திசூடியைப் போன்ற அமைப்பு. சத்சுமா சிறுவர்கள் நவீன காலம் வரை அதை மனப்பாடம் செய்தார்கள்.

தாகாஹிசா காலத்தில் இரண்டு விருந்தாளிகள் கடல்வழியே வந்தார்கள். 1543-இல் தனேகாஷிமா தீவில் போர்த்துக்கேயத் துப்பாக்கி இறங்கியது. சில ஆண்டுகளில் ஷிமாசு படை அதைப் போரில் பயன்படுத்தியது. ஜப்பானில் அப்படிப் பயன்படுத்திய முதல் படைகளில் அதுவும் ஒன்று. 1549 ஆகஸ்டில் சத்சுமாவின் ககோஷிமாவில் இறங்கியவர் பிரான்சிஸ் சவேரியார். ஆம், சில ஆண்டுகளுக்கு முன்பு முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே தமிழில் செபம் கற்பித்துக்கொண்டிருந்த அதே சவேரியார்தான். தாகாஹிசா முதலில் வரவேற்றார். வணிகக் கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குப் போவதைக் கண்டதும், பௌத்தத் துறவிகளின் எதிர்ப்பும் சேர, மதமாற்றத்தைத் தடைசெய்தார். சவேரியார் ஓராண்டில் கிளம்பிவிட்டார்.

தாகாஹிசாவுக்கு நான்கு மகன்கள்: யோஷிஹிசா, யோஷிஹிரோ, தோஷிஹிசா, இயேஹிசா. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் கொல்வது அன்றாடமான ஒரு காலத்தில் இந்த நால்வரும் ஒற்றுமையாக இருந்தார்கள். மூத்தவர் வீட்டில் இருந்து அரசியலைப் பார்க்க, இளையவர்கள் களம் சென்றார்கள். இவர்களுக்குப் பிடித்த போர்முறை ஒன்று உண்டு: நடுப்படை முட்டி மோதித் தோற்று ஓடுவதுபோலப் பின்வாங்கும், துரத்தி வரும் எதிரியைக் காட்டில் ஒளிந்திருக்கும் இரு பக்கப் படைகளும் நசுக்கும். ஓடுவதுபோல நடிக்கும் படை உண்மையாகவே ஓடிவிடாமல் இருக்கவேண்டுமே, அதுதான் கடினம். 1572-இல் கிசாகிபாருவில் ஏறக்குறைய 300 பேரோடு யோஷிஹிரோ, சுமார் 3,000 பேர் கொண்ட இத்தோ படையை முறியடித்தார். 1578-இல் மிமிகாவாவில் ஓட்டோமோ குலத்தின் முதுகெலும்பு முறிந்தது. 1584-இல் ஓகிதானவாத்தேயில் ரியூசோஜி தகானோபுவின் தலையே விழுந்தது. கியூஷூ முழுவதும் கைக்கு எட்டும் நிலை.

அப்போது, ஜப்பான் முழுவதையும் தன் கீழ் ஒன்றாக்கிக்கொண்டிருந்த ஹிதேயோஷி வந்தார். 1587-இல் அவர் இறக்கிய படை இரண்டு லட்சம் என்கிறார்கள். யோஷிஹிசா தலையை மழித்துக்கொண்டு, துறவிக் கோலத்தில் செண்டாய் ஆற்றங்கரையில் தாய்ஹெய்ஜி என்ற விகாரையில் சரணடைந்தார். சத்சுமாவும் ஓசுமியும் ஹியூகாவின் ஒரு பகுதியும் மிஞ்சின. அதாவது, முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இழந்தது ஏறக்குறையத் திரும்பியது. வென்ற மற்றதெல்லாம் போனது. என்னைக் கேட்டால் இந்தக் குலத்தின் உண்மையான திறமை வெற்றிகளில் இல்லை. தோற்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கணக்குப் போடுவதில் இருந்தது. நால்வரில் மூன்றாமவர் தோஷிஹிசாவுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அவர் பணிய மறுத்தார், ஹிதேயோஷியின் பல்லக்கின் மேல் அம்பெய்யச் செய்தார் என்பார்கள். 1592-இல் அவர் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. ஆணையை நிறைவேற்றவேண்டிய பொறுப்பு அண்ணன் யோஷிஹிசாவின் தலையில் விழுந்தது.

ஹிதேயோஷி தொடுத்த கொரியப் போரில் யோஷிஹிரோ ஏழு ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழித்தார். 1598-இல் சாச்சியோனில் சீனாவின் மிங் அரசும் கொரியாவும் சேர்ந்த கூட்டுப்படையை முறியடித்தார். வெட்டிய தலைகள் முப்பதாயிரத்துக்கு மேல் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. அதை அப்படியே நம்ப வேண்டாம். அவ்வாண்டு இறுதியில் நோர்யாங் நீரிணையில் கொரியாவின் மாவீரர் யீ சுன்-சின் உயிர்நீத்த கடற்போரில் எதிரே நின்றதும் ஷிமாசு கப்பல்கள்தான். ஊர் திரும்பியபின் கோயா மலையில் இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காக ஒரே நினைவுக்கல் நாட்டினார்கள். அதே கையால் கொரியக் குயவர்களையும் பிடித்து வந்திருந்தார்கள். நாயேஷிரோகாவா என்ற ஊரில் குடியமர்த்தப்பட்ட அவர்கள், கொரியப் பெயரையும் உடையையும் மாற்றக்கூடாது என்ற ஆணையின் கீழ் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். உலகம் வியக்கும் சத்சுமா பீங்கான் அந்தச் சிறைப்பட்ட கைகளின் வேலை.

1600-இன் செகிகஹாரா போரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இயேயாசுவின் கிழக்குப் படை, எதிரணியின் மேற்குப் படையை வீழ்த்திய போர் அது. அறுபதைத் தாண்டிய யோஷிஹிரோவிடம் சுமார் 1,500 பேர் மட்டுமே இருந்தார்கள். ஊரிலிருந்து அண்ணன் படை அனுப்பவில்லை. மேற்குப் படையில் நின்றாலும் போர் முழுக்க அவர் அசையவே இல்லை. மேற்குப் படை சிதறியபின், சுற்றிலும் எதிரி. பின்னால் மலை, முன்னால் இயேயாசுவின் பாசறை. முன்னால் பாய்ந்தார்கள். வழிநெடுகச் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து துப்பாக்கியால் சுட்டுத் துரத்துவோரைத் தடுத்து, தடுத்த இடத்திலேயே மடிந்தார்கள். தம்பி மகன் தோயோஹிசா அங்கே இறந்தார். துரத்தி வந்த ஈ நவோமாசா துப்பாக்கிக் காயம்பட்டார்; அந்தக் காயம் ஆறாமல் 1602-இல் இறந்தார். யோஷிஹிரோவோடு ஊர் சேர்ந்தவர்கள் எண்பது பேர் அளவில். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ககோஷிமா மக்கள் கவசமணிந்து, சுமார் இருபது கிலோமீட்டர் நடந்து, இஜுயினில் அவருக்கான கோயிலுக்குப் போகிறார்கள்.

ஆனால் குலத்தைக் காப்பாற்றியது அந்தப் பாய்ச்சல் அல்ல, அதற்குப் பின் நடந்த இரண்டு ஆண்டு இழுபறி. யோஷிஹிசா எல்லையில் படையைத் தயாராக நிறுத்திவிட்டு, “தம்பி போனது எனக்குத் தெரியாது” என்ற தொனியில் கடிதம்மேல் கடிதம் எழுதினார். எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) இவ்வளவு தொலைவில், தீவின் கடைக்கோடியில் இன்னொரு நீண்ட போரை இயேயாசு விரும்பவில்லை. மேற்கே மோரி குலத்தின் நிலத்தில் பெரும்பகுதி பறிபோனது. உவேசுகி குலத்துக்குக் கால்பங்குதான் எஞ்சியது. தோற்ற பக்கத்தில் நின்ற ஷிமாசுகள் 1602-இல் ஓர் அங்குலமும் இழக்காமல் பழைய நிலத்துக்கு உறுதிமொழி வாங்கினார்கள்.

1609-இல் யோஷிஹிரோவின் மகன் தாதாத்சுனே, ஷோகன் அரசின் அனுமதியோடு சுமார் 3,000 வீரர்களை ரியூக்யூ அரசின் மீது, அதாவது இன்றைய ஒகினாவாவின் மீது ஏவினார். மன்னர் ஷோ நெய் சிறைப்பட்டு எடோ வரை கொண்டுசெல்லப்பட்டார். அமாமி தீவுகளைச் சத்சுமா நேரடியாகப் பிடுங்கிக்கொண்டது. ரியூக்யூவை மட்டும் தனி அரசாகவே நடமாட விட்டது. சீனாவோடு அதன் வணிகம் தொடரவேண்டுமே. சீனத் தூதர்கள் வரும்போது சத்சுமா அதிகாரிகள் கிராமங்களில் ஒளிந்துகொள்வார்கள்.

டோகுகவாக்கள் ஆண்ட எடோ காலத்தில் சத்சுமாவின் மதிப்பு 7,70,000 கொக்கு. பெரிய டைம்யோக்களில் (குறுநில மன்னர்களில்) காகா நிலத்தின் டைம்யோவுக்கு அடுத்த இடம். (ஒரு கொக்கு ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி.) இதில் ரியூக்யூவும் அடக்கம்; மேலும் இங்கே நெல்லாக அளந்ததால் அரிசிக் கணக்கு ஏறக்குறையப் பாதிதான். எரிமலைச் சாம்பல் மண்ணில் நெல் எங்கே விளையும்! ஆனால் மக்களில் நான்கில் ஒருவர் சாமுராய். நாட்டின் சராசரி இருபதில் ஒருவரை ஒட்டியதுதான். அத்தனை பேரையும் தலைநகரில் வைத்துச் சோறு போட முடியாமல், நூற்றுக்கும் மேற்பட்ட காவல் ஊர்களில் குடியேற்றி உழுது பிழைக்கச் சொன்னார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் போகும் சிரான், இசுமி ஆகியவை அப்படிப்பட்ட ஊர்கள். ககோஷிமாக் கோட்டைக்கு உயர்ந்த கோபுரமே கிடையாது.

இந்த ஏற்பாட்டின் சுமையை யார் சுமந்தார்கள் என்பதை வீரக்கதைகள் சொல்வதில்லை. 1753-இல் ஷோகன் அரசு, தொலைவில் கிசோ ஆறுகளுக்குக் கரை கட்டும் வேலையைச் சத்சுமாவின் தலையில் கட்டியது. ஏறக்குறைய நான்கு லட்சம் ரியோ (பொற்காசு) செலவு. தற்கொலையாலும் நோயாலும் எண்பதுக்கும் மேற்பட்ட சத்சுமா ஆட்கள் மாண்டார்கள். வேலை முடிந்ததும் பொறுப்பாளர் ஹிராட்டா யூகியேயும் உயிரை விட்டார். பிறகு ஷிகேஹிதேயின் ஆடம்பரம். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடன் ஐம்பது லட்சம் ரியோ ஆயிற்று. அதைத் தீர்க்க வந்த சூஷோ ஹிரோசாட்டோ கடன்காரர்களிடம், “வட்டி கிடையாது, 250 ஆண்டுத் தவணை” என்றார். கடன் கொடுத்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதோடு, அமாமி தீவுகளின் கருப்புச் சர்க்கரை முழுவதையும் அரசே கொள்முதல் செய்தது. தீவு மக்கள் நெல்லை விட்டுக் கரும்பு நட்டார்கள். கள்ளத்தனமாக விற்றால் மரண தண்டனை. டோகுகவா ஆட்சியைக் கவிழ்த்த மேஜி புரட்சிக்கு வாங்கிய துப்பாக்கிகளில் அந்தச் சர்க்கரையின் பணம் நிறைய இருக்கிறது.

1851-இல் தலைவரான நாரியாகிராவை நான் இந்த வரிசையில் மிகக் கூர்மையானவர் என்பேன். இரும்பு உருக்கும் உலை, பீரங்கி, கண்ணாடி, நூற்பு என்று ஷூசெய்கான் தொழிற்கூடத்தை ககோஷிமாவில் எழுப்பினார். 1857-இல் எடுத்த அவருடைய படமே ஜப்பானியர் எடுத்து இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்படம். சாய்கோ தகாமோரியைக் கீழ்நிலையிலிருந்து கைதூக்கிவிட்டவரும், வளர்ப்பு மகள் அத்சுஹிமேயை ஷோகனுக்கு மணமுடித்தவரும் அவரே. 1858-இல் திடீரென இறந்தார்.

1862-இல் நாரியாகிராவின் மாற்றாந்தாய்த் தம்பி ஹிசாமித்சுவின் ஊர்வலத்தில் குறுக்கிட்ட ஆங்கிலேயர் ரிச்சர்ட்சனைச் சத்சுமா வீரர்கள் நமாமுகியில் வெட்டினார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமாவைச் சுட்டன. நகரின் ஒரு பகுதி எரிந்தது, தொழிற்கூடமும் நாசமாயிற்று. கரைப் பீரங்கியில் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலின் கேப்டன் இறந்தார். பிறகு நடந்ததுதான் ஷிமாசு பாணி. 25,000 பவுண்டு இழப்பீட்டை ஷோகன் அரசிடமே கடன் வாங்கிக் கட்டினார்கள்; அந்தக் கடனைத் திருப்பவே இல்லை. சுட்டவர்களிடமே ஆயுதம் வாங்கத் தொடங்கினார்கள். 1865-இல், வெளிநாடு போனால் மரணம் என்ற சட்டத்தை மீறி, 19 பேரை ரகசியமாக லண்டனுக்கு அனுப்பினார்கள். 1866-இல் பரம எதிரியான மோரி குலத்தின் சோஷூவோடு கைகோத்தார்கள். 1868-இல் டோகுகவா ஆட்சி கவிழ்ந்தது.

கவிழ்த்தவர்கள் அடுத்துத் தங்கள் எசமானர்களையும் கவிழ்த்தார்கள். 1871-இல் புதிய அரசு எல்லா டைம்யோ நிலங்களையும் ஒழித்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்கள் சாய்கோவும் ஓகுபோவும், இருவரும் சத்சுமாக்காரர்கள். செய்தி கேட்ட ஹிசாமித்சு கோபத்தில் இரவு முழுக்க வாணவேடிக்கை விடச் சொன்னாராம். 1877-இல் சாய்கோ கிளர்ந்தபோது ஷிமாசுகள் ஒதுங்கியே நின்றார்கள். யார் தோற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் அந்த வீட்டுக்கு நீண்ட பயிற்சி இருந்தது.

குலம் இன்றும் இருக்கிறது. யோரிடோமோ காலத்து நியமன ஆணை தொடங்கி ஏறக்குறைய 15,000 குடும்ப ஆவணங்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கின்றன. ஷூசெய்கான் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடைசி டைம்யோவின் மகள் வழிப் பேத்திதான் ஹிரோஹிதோவின் பேரரசி. ஹிரோஹிதோவின் இளைய மகள் தகாக்கோ 1960-இல் மணந்துகொண்டதும் ஒரு ஷிமாசுவைத்தான்: செகிகஹாராவில் தோயோஹிசா இறந்தபின் சாதோவாராவைப் பெற்ற கிளையைச் சேர்ந்தவர், அப்போது வேலை வங்கியில்.